கண்ணாடி மாளிகையும் வெப்ப நாடும்

யூபிலி மலரொன்றைக் கையிலெடுக்கும் அன்பர்கள் பழைய நினைவுகளையும் பழைய படங்களையும் அதில் தேடுவது இயல்பே. எனினும் ஒரு கல்லூரியின் பெருமை அதன் கடந்த காலத்தில் மாத்திரம் அடங்குவதன்று. அங்கு கற்று வெளியேறியோர் நாட்டின் இன்றைய வினாக்களுக்கு என்ன விடை கூறுகின்றனர் என்பதிலும் அப்பெருமை தங்கியிருக்கின்றது. எமது பழைய மாணவருள் பொறியியலாளர் உளர்; கட்டடக் கலைஞர் உளர்; வங்கியாளரும் வணிகரும் உளர்; கடல் கடந்து வாழ்ந்து, பிறந்த மண்ணில் கட்டடம் எழுப்பப் பொருள் அனுப்புவோரும் உளர். ஆதலின், கட்டடம் வரைவோர், கட்டுவோர், பணம் கொடுப்போர், உள்ளே அமர்ந்து தொழில் புரிவோர் ஆகிய யாவருக்கும் உரியதாகிய ஒரு பொருளைக் குறித்து எமது கருத்தை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம். வெப்ப நாடுகளில் எழும் உயர்மாடிக் கட்டடங்களின் கண்ணாடிச் சுவரே அப்பொருள்.

கொழும்பு மாநகரின் கடலோரத்தை நோக்குவோர் கண்ணாடிக் கோபுரங்கள் ஒன்றையொன்று விஞ்சி நிற்பதைக் காண்பர். அடி முதல் முடி வரை பளபளக்கும் அத்தோற்றம் முன்னேற்றத்தின் அடையாளமெனப் பலராலும் கொள்ளப்படுகின்றது. யாழ்ப்பாண நகரிலும், நாலைந்து மாடிகளே உடைய வங்கியும் விடுதியும் வணிக நிலையமும் வீதிப்பக்கச் சுவரைக் கண்ணாடியாலேயே அமைத்துக்கொள்ளும் வழக்கம் பரவி வருகின்றது. 'இவ்வெயிலுக்கு இது தகுமோ?' என வினவினால், 'இது சாதாரணக் கண்ணாடியன்று; சக்தியைச் சேமிக்கும் கண்ணாடி' என்னும் விடை உடனே கிடைக்கும். அவ்விடையில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. நல்ல கண்ணாடி நல்ல மருந்தை ஒத்தது. பத்தியம் காவாதவனுக்கு மருந்து எங்ஙனம் முழுப்பயன் தராதோ, அங்ஙனமே திசையும் நிழலும் அளவும் கருதாது கட்டப்பட்ட கட்டடத்துக்கு எத்துணை விலையுயர்ந்த கண்ணாடியும் முழுப்பயன் தராது. இதுவே எமது துணிபு. இதனை விரித்துக் கூறுவோம்.

கண்ணாடிச் சுவர் குளிர் நாடுகளில் பிறந்தது. ஆண்டிற் பல மாதங்கள் ஞாயிற்றின் முகம் காணாது வாழும் மக்களுக்கு ஒளியும் வெயிலும் பெருஞ்செல்வம். அவர்கள் சுவரைக் கண்ணாடியாக்க விரும்பியது இயற்கையே. ஆயினும் அந்நாடுகளிலுங்கூட அவ்விருப்பம் இடர் விளைத்தது என்பதை நம்மவர் பலர் அறியார். பாரிசு மாநகரில் இரட்சணிய சேனையினருக்காக லெ கொர்பூசியே என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் வரைந்த அடைக்கல இல்லம் 1933ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் தெற்கு முகம் முழுவதும் திறக்க இயலாத கண்ணாடியாக அமைந்தது. இரட்டைக் கண்ணாடியும், உள்ளே காற்றைப் பதப்படுத்தும் பொறியும் அவருடைய எண்ணத்தில் இருந்தன. பொருள் முட்டுப்பாட்டினால் ஒற்றைக் கண்ணாடியே பொருத்தப்பட்டது; குளிரூட்டும் பொறி வரவேயில்லை. கோடை வந்ததும் உள்ளிருந்தோர் வெப்பம் தாங்காது வருந்தினர். பின்னர்த் திறக்கத்தக்க யன்னல்கள் அமைக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் உலகப் போரின்பின் அக்கட்டடம் பழுது பார்க்கப்பட்டபோது, கண்ணாடியின் வெளிப்புறத்தே வெயில் தடுக்கும் தட்டுகளும் சேர்க்கப்பட்டன.

பாரிசின் கோடைக்கே இது நிகழ்ந்ததெனின், ஆண்டு முழுவதும் கோடையாகிய நாடுகளின் நிலையைக் கூறவும் வேண்டுமோ? அதே லெ கொர்பூசியே 1936ஆம் ஆண்டு பிரேசில் நாட்டுக்கு அழைக்கப்பட்டார். இரியோ நகரில் கல்வி அமைச்சுக்கென எழவிருந்த உயர்மாடிக் கட்டடத்துக்கு அவர் ஆலோசனை கூற, லூசியோ கொஸ்தா, ஒஸ்கார் நீமையர் முதலிய இளைஞர் அதனை வரைந்து முடித்தனர். வெயில் வீழும் வடக்கு முகத்தில், வேண்டியவாறு சாய்த்துக்கொள்ளத்தக்க தட்டுகள் கண்ணாடிக்கு வெளியே பொருத்தப்பட்டன. அந்நாடு பூமத்திய கோட்டுக்குத் தெற்கே உள்ளதாதலின் ஞாயிறு பெரும்பாலும் வடக்கு வானிற் செல்லும் என்பதை நினைவிற் கொள்க. வெயிலை உள்ளே வரவிட்டு வருந்துவதினும் வாயிலிலேயே தடுப்பது நன்று என்னும் பாடம் இவ்வாறு 1940களிலேயே செம்மையாகக் கற்கப்பட்டுவிட்டது.

கற்ற பாடம் ஏன் மறக்கப்பட்டது? பொறி கொண்டு குளிரூட்டும் வசதி பெருகியமையே காரணம். நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் செயலகம் எழுந்தபோது, அதன் அகன்ற இரு முகங்களும் கிழக்கையும் மேற்கையும் நோக்கிய கண்ணாடிச் சுவர்களாயின. வெளிப்புற நிழல் வேண்டுமென லெ கொர்பூசியே வற்புறுத்தியும் அது ஏற்கப்படவில்லை. எரிபொருள் மலிவாயிருந்தது; வெப்பத்தைப் பொறி பார்த்துக்கொள்ளும் என எண்ணினர். உருகிய வெள்ளீயத்தின் மீது கண்ணாடியை மிதக்கவிட்டுச் சமதளமாக வார்க்கும் முறையைப் பில்கிங்டன் நிறுவனத்தார் 1959ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தபின், பெரிய கண்ணாடித் தகடுகளும் எளிதிற் கிடைக்கலாயின. இவ்விரு வசதிகளும் கூடியே, நியூயோர்க்கின் கட்டடத்தைத் துபாயிலும் கொழும்பிலும் அப்படியே எழுப்பலாம் என்னும் துணிவைத் தந்தன. கம்பளிச் சட்டையை அணிந்து, பின் வியர்வைக்கு விசிறி தேடியவனின் கதை இதுவாம்.

இனி, கண்ணாடியின் ஊடாக வெப்பம் எவ்வாறு வருகின்றது என்பதைச் சிறிது ஆராய்வோம். ஞாயிற்றின் கதிர்களில் ஏறக்குறையப் பாதிச் சக்தியே கண்ணுக்குப் புலனாகும் ஒளி. எஞ்சியதன் பெரும்பகுதி கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ்க் கதிர்கள். தெளிந்த கண்ணாடி இரண்டையும் தாராளமாக உள்ளே விடும். உள்ளே புகுந்த கதிர் தரையிலும் மேசையிலும் மனிதர் மேலும் பட்டு வெப்பமாக மாறுகின்றது. அவ்வெப்பம் நீண்ட அலையாக மீளும்போது கண்ணாடி அதனை வெளியே விடுவதில்லை. குளிர் நாட்டுத் தோட்டக்காரர் செடி வளர்க்கக் கட்டும் கண்ணாடி வீட்டிலும் இது நிகழ்கின்றது. செடிக்கு நன்மையாகிய அது எழுதுவினைஞருக்குத் தீமையாக முடிகின்றது.

வெப்பம் வரும் வழிகள் இரண்டு. வெளிக்காற்றின் வெப்பம் கண்ணாடியைக் கடந்து கடத்தப்படுவது ஒன்று. வெயிற் கதிரே நேரே புகுவது மற்றொன்று. வெளியே 31 பாகையும் உள்ளே 24 பாகையும் வெப்பநிலை உள்ளதெனக் கொள்வோம். கொழும்பின் பகற்பொழுதுக்கு இது பொருந்தும். ஒற்றைக் கண்ணாடியின் ஒரு சதுர மீற்றரினூடே, ஒரு பாகை வேறுபாட்டுக்கு ஏறக்குறைய 5.7 வாற்று கடக்கும். ஆகவே ஏழு பாகைக்கு 40 வாற்று. ஆனால் தெளிந்த வானத்து மாலை வெயில் மேற்குச் சுவரின் ஒரு சதுர மீற்றரில் 600 வாற்று வரை வீழும். தெளிந்த கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை, அதாவது 480 வாற்றை உள்ளே சேர்க்கும். நாற்பது எங்கே, நானூற்றெண்பது எங்கே! எமது நாட்டில் கண்ணாடியின் பகைவன் வெளிக்காற்றன்று, வெயிலே என்பது இதனால் நன்கு புலனாகும்.

இந்த வேறுபாட்டை அறியாமையினாலேயே பலர் ஏமாறுகின்றனர். குளிர் நாட்டில் 'சக்தி சேமிக்கும் கண்ணாடி' என விற்கப்படுவது, உள்ளே உள்ள சூட்டை வெளியே போகவிடாது காப்பதற்கென்றே பெரும்பாலும் ஆக்கப்பட்டது. அதன் கடத்தல் எண் சிறிதாயிருக்கும். ஆனால் வெயிலின் சூட்டை விரும்பி உள்ளே விடும். அதனை வாங்கி வந்து எமது மேற்குச் சுவரிற் பதிப்பது, குளிருக்குரிய போர்வையை வெயிலில் நிற்பவனுக்கு அன்புடன் போர்த்துவது போலாம். வெளிக்காற்று 45 பாகை வரை கொதிக்கும் பாலைவன நகரங்களில் கடத்தலைத் தடுக்கும் இரட்டைக் கண்ணாடிக்குப் பெரும் பயனுண்டு. எமது கரையோர நகரங்களில் முதலிற் பார்க்க வேண்டிய எண், வெயிலின் சக்தியில் எத்தனை பங்கு உள்ளே வரும் என்பதைக் காட்டும் எண்ணேயாகும். தெளிந்த ஒற்றைக் கண்ணாடிக்கு அது 0.8 அளவில் இருக்கும்.

அவ்வெண்ணைக் குறைக்க மூன்று வழிகள் கையாளப்பட்டன. முதலாவது, கண்ணாடிக்குச் சாயமூட்டுதல். சாயக் கண்ணாடி வெயிலைத் தானே உறிஞ்சிக் கொதித்து, அச்சூட்டில் ஒரு பகுதியை உள்ளே வீசும், ஒளியையும் குறைத்துவிடும். நண்பகலில் ஞாயிறு உச்சியிற் காய, உள்ளே மின்விளக்கெரியும் அலுவலகங்கள் பலவற்றுக்கு இதுவே காரணம். இரண்டாவது, ஆடி போன்று ஒளியைத் திருப்பியனுப்பும் பூச்சு. மூன்றாவதே உண்மையில் வியக்கத்தக்கது. வெள்ளி உலோகத்தை மயிரிழையினும் பல்லாயிரம் மடங்கு மெல்லிய படலமாகக் கண்ணாடியின் உட்பக்கத்திற் படியச் செய்கின்றனர். இரண்டு அல்லது மூன்று வெள்ளிப் படலங்களை வேறு சில படலங்களுடன் அடுக்கினால், கண்ணுக்குரிய ஒளியிற் பாதிக்கு மேற்பட்டதை உள்ளே விட்டு, செந்நிறக்கீழ்க் கதிரிற் பெரும்பகுதியைத் திருப்பிவிடலாம். இத்தகைய இரட்டைக் கண்ணாடியில் வெயிற்பங்கு 0.25 வரை குறைவதுண்டு. விஞ்ஞானிகளின் இவ்வெற்றியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. வானம் முகில் மூடி, எத்திசையிலிருந்தும் வெண்மையாக ஒளி பரவும் எமது ஈரவலய நாட்களில், நிழற்தட்டு தடுக்க இயலாத பரவிய வெப்பத்தைத் தடுக்க வல்லது இக்கண்ணாடியே.

எனினும் கணக்கைச் சற்று நீட்டிப் பார்ப்போம். மேற்கு நோக்கிய நூறு சதுர மீற்றர் கண்ணாடிச் சுவரை எடுத்துக்கொள்க. மாலை வெயிலில் அது தெளிந்த கண்ணாடியாயின் 48 கிலோவாற்று வெப்பம் உள்ளே புகும். நாற்பத்தெட்டு மின்னழுத்திகளை ஒருங்கே சூடாக்கி அறையினுள் வைத்தாற் போன்றது இது. வெள்ளிப் பூச்சுக் கண்ணாடியாயின் அது 15 கிலோவாற்றாகும். இனி, விலையுயர்ந்த பூச்சே இல்லாத சாதாரணக் கண்ணாடிக்கு வெளியே, வெயிலில் மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்கும் நிலைக்குத்துத் தட்டுகளை அமைத்ததாகக் கொள்வோம். உள்ளே புகுவது 16 கிலோவாற்று. பூச்சு செய்த வேலையை நிழலும் செய்துவிட்டது! இரண்டும் சேர்ந்தாலோ புகுவது 5 கிலோவாற்றளவே. இனிச் சுவர் முழுவதும் கண்ணாடியாக இராது மூன்றிலொரு பங்கே கண்ணாடியாகவும், எஞ்சியது நன்கு வெண்சாந்து பூசிய சுவராகவும் இருப்பின், இத்தொகை மேலும் எவ்வளவு குறையும் என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம். குளிரூட்டும் பொறி ஒரு பங்கு மின்சாரத்தைக் கொண்டு மூன்று பங்கு வெப்பத்தை வெளியேற்றுமெனின், முதலிற் கூறிய சுவருக்கு மாத்திரம் 16 கிலோவாற்று மின்சாரம் வேண்டும். நாம் விரும்பி வரவேற்ற வெயிலை வெளியே தள்ளுவதற்கு, நுரைச்சோலையில் இறக்குமதி நிலக்கரியை எரிக்கின்றோம். இதனினும் நகைப்புக்கிடமான வேறொன்றுண்டோ?

நிழல் அமைப்பதற்கு முன் திசையை அறிதல் வேண்டும். கொழும்பு ஏறக்குறைய ஏழு பாகை வட அகலாங்கில் உள்ளது. யூன் மாதத்து நண்பகலில் ஞாயிறு வடக்கே 73 பாகை உயரத்திலும், திசெம்பர் நண்பகலில் தெற்கே 60 பாகை உயரத்திலும் நிற்கும். ஆகவே வடக்குச் சுவரில் இரண்டு மீற்றர் உயர யன்னலொன்றை நண்பகல் வெயிலிலிருந்து காக்க 60 சதம மீற்றர் அளவான மேற்தட்டே போதும். தெற்குச் சுவருக்கு ஏறக்குறைய 120 சதம மீற்றர் வேண்டும். ஆனால் கிழக்கிலும் மேற்கிலும் ஞாயிறு தாழ்ந்து வந்து, நேரே கண்ணில் அடிக்கும். அங்கு மேற்தட்டு பயன்படாது. நிலைக்குத்துத் தட்டுகளோ, துளைச்சுவரோ, யன்னலற்ற சுவரோ வேண்டும். எனவே நீண்ட முகங்களை வடக்குத் தெற்காகவும், குறுகிய முகங்களைக் கிழக்கு மேற்காகவும் வைப்பதே முதல் விதி. இவ்விதிக்கு ஒரு சதமும் செலவில்லை. வரைபடத்தின் முதற்கோடு இடப்படும் நேரத்தில் ஒரு கணம் சிந்தித்தால் அமையும். காணியின் வாயில் கடலைப் பார்த்திருக்கின்றது என்பதற்காக மேற்கு முகம் முழுவதையும் கண்ணாடியாக்குவோர், சூரிய அத்தமனத்தின் அழகை ஒரு மணி நேரம் கண்டு, அதற்கு முந்திய மூன்று மணி நேரம் திரையை இழுத்து மூடி வாழ்கின்றனர்.

திரை என்றதும் ஒன்று கூறல் வேண்டும். கண்ணாடியின் உட்புறத்தே தொங்கும் திரை கண்கூச்சத்தைத் தடுக்கும். வெப்பத்தைச் சிறிதளவே தடுக்கும். வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்தபின் திரையில் தங்கினால் என்ன, தரையில் தங்கினால் என்ன? வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது நம் முன்னோர் அறிவு. யாழ்ப்பாணத்து வீடுகளில் மாலை வெயில் அடிக்கும் விறாந்தைக்கு வெளியே கிடுகுத் தட்டி கட்டிய எம் பாட்டன்மார் எந்தப் பல்கலைக்கழகத்திலும் வெப்பவியல் பயின்றவரல்லர். தட்டியை வெளியே கட்ட வேண்டும், உள்ளே கட்டலாகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். வெயில் சாய்ந்ததும் அதைச் சுருட்டிக் காற்றை வரவிடவும் அறிந்திருந்தனர்.

அத்தட்டியின் தத்துவமே இன்று பெரும் பொறியியலாக அபுதாபி நகரில் விளங்குகின்றது. அங்கு 2012ஆம் ஆண்டளவில் எழுந்த அல் பாகர் இரட்டைக் கோபுரங்களின் கண்ணாடிக்கு வெளியே, கோபுரமொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மடிப்புக் குடைகள் உள. ஞாயிறு நகர நகர அவை கணினியின் ஏவலால் விரிந்தும் சுருங்கியும் நிழல் தருகின்றன. அராபியரின் பழைய மரப்பின்னல் யன்னலே இதற்கு முன்மாதிரி. எமது வெப்ப ஈர நாட்டுக்கு இதனினும் அண்மையான உதாரணம் மலேசியாவிற் கோலாலம்பூருக்கு அருகே உள்ள மெனாரா மெசினியாகா. கென் யாங் என்பார் வரைந்த இக்கட்டடம் 1992ஆம் ஆண்டு நிறைவெய்தி, 1995ஆம் ஆண்டு ஆகாகான் கட்டடக்கலைப் பரிசைப் பெற்றது. வெயில் கடுமையான பக்கங்களிற் கண்ணாடிக்கு வெளியே அலுமினியத் தட்டுகள். வெயில் குறைந்த வடக்குத் தெற்கில் வெறும் கண்ணாடி. மின்தூக்கியும் படிக்கட்டும் கழிப்பிடமும் சூடான கிழக்குப் பக்கத்தில், இயற்கை ஒளியும் காற்றும் பெறும்படி. கண்ணாடியை அவர் வெறுக்கவில்லை. அதற்குரிய இடத்தில் அதனை வைத்தார்.

எமது நாட்டிலும் வழிகாட்டி இல்லாமற் போகவில்லை. ஜெஃப்ரி பாவா வரைந்து 1970களின் பிற்பகுதியிற் கொழும்பில் எழுந்த அரச ஈட்டு வங்கிக் கட்டடம் பன்னிரு மாடிகளை உடையது. இயற்கைக் காற்றோட்டத்தையே அடிப்படையாகக் கொண்டு திட்டமிடப்பட்டது. உயர்மாடிக் கட்டடம் என்றாலே மூடிய கண்ணாடிப் பெட்டி என்று எண்ணுவோருக்கு, எமது தலைநகரிலேயே அரை நூற்றாண்டுக்கு முன் மறுப்புரை எழுதப்பட்டுவிட்டது. அதனைப் படித்தோர்தாம் சிலர்.

கண்ணாடியின் அளவைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகின்றது. கண்ணாடி பெருகினால் ஒளி பெருகும், விளக்கு வேண்டாம் என்பர். மேசை மட்டத்துக்குக் கீழேயுள்ள கண்ணாடி மேசைக்கு ஒளி தருவதில்லை. காலடிக்கு வெப்பமே தருகின்றது. அறையின் ஆழத்துக்கு ஒளியைக் கொண்டுசெல்வது உயரத்திலுள்ள யன்னற்பகுதி. யன்னலின் தலை எவ்வளவு உயரமோ, அதன் இரு மடங்கு தூரத்துக்கு மேற் பகலொளி நன்கு செல்லாது. எனவே அடியிலிருந்து முடிவரை கண்ணாடி வைப்பவர், பயனற்ற பகுதிக்கும் விலை கொடுத்து, அதனால் வரும் சூட்டை நீக்கவும் மாதந்தோறும் விலை கொடுக்கின்றார்.

ஒளியைத் திருப்பியனுப்பும் கண்ணாடிக்கு வேறொரு குற்றமும் உண்டு. நாம் வேண்டாமெனத் தள்ளும் வெயில் எங்கோ ஓரிடத்துக்குப் போகவே செய்யும். இலண்டன் மாநகரில் பென்சேர்ச் வீதி 20ஆம் இலக்கக் கோபுரம் கட்டப்பட்டு வந்தபோது, 2013ஆம் ஆண்டின் கோடையில், அதன் உட்குழிந்த தெற்குக் கண்ணாடி முகம் குழியாடியைப் போன்று வெயிலைக் குவித்து, வீதியில் நிறுத்தப்பட்டிருந்த மோட்டார் வண்டியொன்றின் உறுப்புகளை உருகச் செய்தது. பின்னர் அக்கோபுரத்துக்கும் வெளிப்புற நிழற்தட்டுகளே மருந்தாயின. அயலான் வீட்டு முற்றத்தில் எமது வெயிலைக் கொட்டுவது எந்த நாட்டிலும் நல்லயல் அன்று.

இதுகாறும் செலவைப் பற்றியே பேசினோம். இதனினும் பெரிதான ஒன்று உண்டு. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் எமது நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை எவரும் மறந்திரார். எரிபொருள் வாங்க நாட்டிடம் அந்நியச் செலாவணி இல்லை. அந்நாட்களில் யன்னல் திறக்க இயலாத கண்ணாடிக் கட்டடத்துக்குப் பெயர் அலுவலகமன்று, அடுப்பு. தனியான மின்பிறப்பாக்கியும் அதற்கு எண்ணெயும் வைத்திருந்தோர் தப்பினர். மற்றையோர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கட்டில் அமர்ந்தனர். வடபுலத்தாராகிய எமக்கு இது புதிதுமன்று. 1990ஆம் ஆண்டு தொடக்கம் பல்லாண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றியே வாழ்ந்தது. அக்காலத்திற் கற்பித்தல் நின்றதில்லை, மருத்துவம் நின்றதில்லை. மக்களின் மனவுறுதி அதற்கு முதற்காரணம். உயர்ந்த கூரையும், தடித்த சுவரும், அகன்ற விறாந்தையும், திறக்கும் யன்னலும் உடைய கட்டடங்களிலே அவர்கள் வாழ்ந்தமையும் ஒரு காரணம். அதே குடாநாடு அன்று கண்ணாடிப் பெட்டிகளால் நிறைந்திருந்தால் என்னவாகியிருக்கும் என ஒருகணம் எண்ணிப் பாருங்கள். மின்சாரம் நின்றால் மனிதர் இருக்க முடியாத கட்டடத்தை, மின்சாரம் நிற்கும் என அனுபவத்தால் அறிந்த மக்கள் கட்டுவது அறிவுடைமையாகுமோ?

எமது கருத்தை மறுப்போர் கூறுவனவற்றையும் நோக்குவோம். உயரத்திற் காற்று வலிது, யன்னல் திறக்க இயலாது என்பர் ஒரு சாரார். முழு யன்னலையும் திறக்க வேண்டுவதில்லை. நிழற்தட்டின் மறைவிலே சிறிய திறப்புகளைப் பாதுகாப்பாக அமைக்க முடியும். வெளிப்புறத் தட்டில் தூசு படியும், கடற்காற்றில் துருப்பிடிக்கும், துப்புரவு செய்யச் செலவாகும் என்பர் வேறொரு சாரார். இது மெய். ஆனால் கண்ணாடியையும் கயிற்றில் தொங்கியே துடைக்க வேண்டியிருக்கின்றது. இரட்டைக் கண்ணாடியின் ஓர ஒட்டும் இரண்டு மூன்று தசாப்தங்களில் தளர்ந்து, ஈரம் புகுந்து, அது மங்கிவிடும். கொங்கிறீற்றுத் தட்டோ கட்டடத்தின் ஆயுள் முழுவதும் நிற்கும். கண்ணாடி முகமில்லையேல் வாடகைக்கு ஆள் வாரார் என்பர் மூன்றாமவர். வாடகைக்காரர் முதலிற் பார்ப்பது முகத்தையே என்பதை நாமும் ஒப்புகின்றோம். ஆனால் அவர் மாதந்தோறும் பார்ப்பது மின்சாரப் பட்டியலை. இறுதியாக, மின்னூட்டத்தால் நிறம் மாறும் கண்ணாடி வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்பாரும் உளர். வரட்டும், வரவேற்போம். ஆயினும் அதுவும் விலை மிக்கதே, இறக்குமதியே, பழுதானால் வெளிநாட்டாரை எதிர்பார்ப்பதே. நிழலுக்கு உதிரிப்பாகம் வேண்டியதில்லை.

தனியாரின் நல்லறிவை மாத்திரம் நம்பியிருத்தலும் போதாது, விதியும் வேண்டும். சிங்கப்பூர் அரசு 1979ஆம் ஆண்டிலேயே, குளிரூட்டப்படும் கட்டடத்தின் வெளிச்சுவர்வழி புகும் வெப்பம் சராசரியாக ஒரு சதுர மீற்றருக்கு 45 வாற்றை மீறலாகாது என விதித்தது. அவ்விதி எப்பொருளைக் கொண்டு கட்டுக எனக் கட்டளையிடவில்லை. விளைவை மாத்திரம் அளந்தது. கண்ணாடியைக் குறைப்பதோ, நிழல் தருவதோ, பூச்சிடுவதோ கட்டுவோரின் விருப்பம். எமது நாட்டில் 2007ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட நிலைபெறுதகு வலு அதிகாரசபை, 2008ஆம் ஆண்டிலே கட்டடங்களின் சக்தி வினைத்திறனுக்கான கோவையொன்றை வெளியிட்டது. பின்னர் அது புதுக்கவும்பட்டது. நூலிலே விதி இருத்தல் நன்று. வரைபடத்துக்கு அனுமதி வழங்கும் மேசையில் அது நாள்தோறும் புரட்டப்படுதல் அதனினும் நன்று.

ஆதலின் எமது பழைய மாணவ அன்பர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இது. நீங்கள் வரைவோராயின், முகப்பின் படத்தை வரையுமுன் ஞாயிற்றின் வழியை வரையுங்கள். நீங்கள் பணம் கொடுப்போராயின், கண்ணாடி விற்போரிடம் மூன்று எண்களைக் கேளுங்கள்: வெயிலின் சக்தியில் எத்தனை பங்கு உள்ளே வரும், ஒளியில் எத்தனை பங்கு வரும், காற்றின் சூடு எவ்வளவு கடத்தப்படும். முதலெண் சிறிதாயும் இரண்டாமெண் அதனினும் நன்கு பெரிதாயும் இருந்தாலே அது எமது நாட்டுக்குரிய கண்ணாடி. அவ்வெண்களைக் கூற இயலாதவரிடம் வாங்காதீர்கள். நீங்கள் கட்டட உரிமையாளராயின், மின்சாரம் ஒரு நாள் முழுவதும் நின்றால் இங்கு இருக்கலாமோ என உங்கள் பொறியியலாளரை வினவுங்கள். நீங்கள் கடல் கடந்து வாழ்வோராயின், அங்கு கண்ட அழகிய முகப்பின் படத்தை அனுப்புமுன், அந்நகரின் ஞாயிறு எவ்வளவு உயரத்திற் செல்கின்றது என்பதை நினையுங்கள். கல்லூரிகளில் யூபிலி நினைவாகக் கட்டடம் எழுப்புதல் எம்மவரிடையே நெடுநாள் வழக்கம். அக்கட்டடங்கள் எத்தனை மாடியாயினும், பிள்ளைகள் யன்னலைத் திறந்து வைத்துப் படிக்கத்தக்கனவாக இருக்கட்டும்.

திசையை முதலிலும், நிழலை இரண்டாவதாகவும், கண்ணாடியின் அளவை மூன்றாவதாகவும், கண்ணாடியின் தரத்தை நான்காவதாகவும் நோக்குக. இன்று எம்மவர் நான்காவதிலிருந்து தொடங்கி அங்கேயே நின்றுவிடுகின்றனர். முதல் மூன்றையும் செய்தோர்க்கு நான்காவது சிறு செலவில் பெரும்பயன் தரும். செய்யாதோர்க்குப் பெருஞ்செலவிற் சிறுபயனே தரும். விஞ்ஞானம் நமக்கு நல்ல கண்ணாடியைத் தந்திருக்கின்றது. அதனை எங்கு வைப்பது, எவ்வளவு வைப்பது என்னும் அறிவு நம்மிடத்திலிருந்தே வரவேண்டும்.